வாழைக்கறை

ஜன்னல் தொறந்தே இருக்கட்டும்மா, எனக்குக் காத்து ஒண்ணும் பண்ணாது. நீங்க சென்னைக்கா? நானும் சென்னைக்குத்தான். மகளக் கூட்டியாரப் போறேன். ஒரே மக. இளவரசின்னு பேரு, நாங்க அரசின்னு கூப்பிடுவோம். பொங்கலுக்கு ஊருக்கு வர்றேன்னு அவளே போன் பண்ணிச் சொன்னா. போன பொங்கலுக்கு வரல, தீபாவளிக்கும் வரல, இப்ப வர்றேங்கிறா. தனியா பஸ் ஏறி வரத் தெரியாதவ இல்ல. நான் நேர்ல போயி நின்னா மனசு மாறாம கெளம்பி வருவா, அதான் போறேன்.

கோவம் டீச்சர். நீங்க டீச்சர்தான? சுண்ணாம்புக்கட்டி வாசனை வருது. எங்கம்மாகூட நான் கோவிச்சுக்கிட்டது உண்டு, ஒரு வேளை சாப்பாட்டுக்கு மேல தாங்காது. இவ ஒரு வருசத்துக்கு மேல சாதிச்சுட்டா. நான் போன் பண்ணா எடுப்பா, எடுக்காம இருக்கமாட்டா. சாப்பிட்டியாம்பேன், ம்ம்பா. ஒடம்பு நல்லாருக்காம்பேன், ம்ம்பா. அந்த ‘ம்’முக்கு ஏசிட்டாக்கூடப் பரவாயில்ல.

நீங்க நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்றவங்க, முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. நான் என்ன செஞ்சேன்? அழுக்குத் துணியத் தொவைச்சேன். அவ்வளவுதான். துணி தொவைச்சதுக்கு ஒரு மக தாயோட பேசாம இருந்து எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

எங்க வீட்டுக்காரருக்கு வாழைத்தாரு சுமக்கிற வேலை. மண்டியிலேருந்து லாரிக்கு ஏத்தணும், வர்ற லாரியிலேருந்து எறக்கணும். தாரோட காம்புலேருந்து பால் வடியும், பாத்திருப்பீங்க. மொதல்ல தண்ணியாட்டம்தான் இருக்கும். காஞ்ச பொறவுதான் கருக்க ஆரம்பிக்கும். வலது தோள்லேருந்து நெஞ்சு வரைக்கும் அப்படியே எறங்கியிருக்கும். இதுல முதலாளி தீபாவளிக்குத் தீபாவளி வெள்ளைச் சட்டை எடுத்துக் குடுப்பாரு. தாரு சுமக்கிறவனுக்கு வெள்ளைச் சட்டை. நல்ல மனுசன்தான், யோசனை அவ்வளவுதான்.

வாழைக்கறை போகாதும்பாங்க. யாரு சொன்னா? எலுமிச்சம்பழமும் கல்லுப்பும் வச்சுத் தேச்சு, வெயில்ல போட்டு, மறுபடி தேச்சு, சலவைச் சோடாவுல ஊறப்போட்டா போகும். மெனக்கெடணும், அவ்வளவுதான். நான் மெனக்கெட்டேன். ஏன் மெனக்கெட்டேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

அரசி சின்னப் புள்ளையா இருக்கறப்ப பள்ளிக்கூடத்துல படம் வரைஞ்சு பரிசு வாங்குனா. ஆண்டு விழாவுல குடுக்குறாங்கன்னு இவரு மண்டியிலேருந்து போட்ட சட்டையோட ஓடியிருக்காரு. கேட்டுல நின்ன ஆளு, சமையலுக்குச் சாமான் எறக்குறதுன்னா பின்பக்கமாப் போன்னு கைய காட்டிட்டான். இந்த மனுசனும் எதுத்து ஒரு வார்த்த பேசாம பின்பக்கமாப் போயி, அண்டா குண்டானுக்கு நடுவுல நின்னு மக பரிசு வாங்குறதப் பாத்துட்டு வந்துட்டாரு. வீட்டுக்கு வந்து அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அரசியும் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல டீச்சர். இனிமே இந்த மனுசன் கறைச் சட்டையோட நாலு பேரு முன்னாடி நிக்கக் கூடாதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணேன். காலையில வெள்ளையாப் போகணும், மண்டியில மாத்திக்கணும், வரும்போது வெள்ளையா வரணும். அப்படித்தான் வச்சிருந்தேன். ரோட்டுல போனா வாத்தியாருன்னு நெனைப்பாங்க.

அவரு போயிட்டாரு. தாரு தோள்ல இருக்கும்போதே நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்தவருதான். அரசி அப்ப ஓவியக் காலேஜுல கடைசி வருசத்துக்குப் போற சமயம். கருமாதி முடிஞ்சு, அவரு துணிமணிய வீட்ல வச்சுக்கக் கூடாது, ஆத்துல விட்டுருங்கன்னு பெரியவங்க சொன்னாங்க, விட்டாச்சு. ஆனா மண்டியில ஒரு சாக்கு இருந்திருக்கு, எனக்குத் தெரியாது. வேலைச் சட்டையெல்லாம் அதுல. கறை ரொம்ப ஏறிப்போன சட்டைய எங்கிட்டத் தொவைக்கக் குடுக்காம, அவளுக்கு எதுக்குக் கை நோவணும்னு சாக்குல போட்டுப் போட்டு வச்சிருந்திருக்காரு. மண்டிக்காரங்க அத அரசிகிட்டக் குடுத்துட்டாங்க. அவளும் எங்கிட்ட மூச்சு விடாம ஆஸ்டலுக்குக் கொண்டு போயிட்டா.

இப்ப ஒரு போட்டி வந்த கதைக்கு வர்றேன். ஒரு பெரிய பெயிண்டு கம்பெனி. இந்தியா பூரா ஓவியம் படிச்சு முடிக்கிற புள்ளைங்களுக்கு வருசா வருசம் போட்டி வைக்கிறாங்க. ஜெயிச்சா ஒரு வருசம் வெளிநாட்டுக்கு அனுப்பி, தங்க எடமும் குடுத்து, நீ என்ன வேணா வரைஞ்சுக்கன்னு விட்டுருவாங்களாம். பெயிண்டு கம்பெனிதான, பெயிண்டுலதான வரையணும்னு நான் கேட்டேன். அதெல்லாம் அந்தக் காலம்மான்னு சொல்லிட்டா.

மொதல்ல போட்டோ எடுத்து அனுப்பணும். அனுப்புனா. அதுல தேறியும் வந்துட்டா. தமிழ்நாட்டுலேருந்து இவ ஒருத்தியாம். காலேஜே கொண்டாடுச்சு. போன்ல அந்தப் போட்டோவ எங்கிட்டக் காட்டுனா. கயித்துல வரிசையாச் சட்டை தொங்குற மாதிரி தெரிஞ்சுச்சு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது, அந்தப் போனும் கீறல் விழுந்த போனு. என்னடி இது, கொடியில துணி காயிற மாதிரி இருக்கேன்னேன். அப்பா சட்டைம்மான்னா. செத்த மனுசன் துணிய ஏன்டி வச்சிருக்கன்னு சத்தம் போட்டேன். அப்புறம் விட்டுட்டேன். அவளுக்கு அதுலதான் வழி தொறக்குதுன்னா நான் ஏன் குறுக்க நிக்கணும்?

அடுத்து, அசலக் கொண்டாந்து பம்பாயில பெரிய மண்டபத்துல வைக்கணும். அதப் பாத்துட்டுத்தான் பரிசு. கயிறு கட்ட, அளவெடுக்கன்னு இவளும், காலேஜுல இவளுக்குச் சொல்லிக்குடுக்குற குணாளன் சாரும் முன்னாடியே ரயில் ஏறிட்டாங்க. சட்டைய ஒரு பொட்டியில வச்சு நடுவீட்டுல வச்சுட்டுப் போனா. கம்பெனி வண்டி வரும், கையெழுத்துப் போட்டு ஏத்திவிட்டுரும்மா, வேற ஒண்ணும் நீ செய்ய வேண்டாம்னு சொன்னா. ஒண்ணும் செய்ய வேண்டாம்னுதான் சொன்னா. அம்மா கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றா, வேற எதுக்குச் சொல்லுவா?

பொட்டி நடுவீட்டுல இருக்கு. நான் அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் அதத் தாண்டித் தாண்டிப் போறேன். எப்படி டீச்சர் தொறக்காம இருக்கிறது? தொறந்தேன். தொறந்ததும் அவரு வாசனை. வேர்வையும் வாழைப்பாலும் அவரு போடுற சுருட்டும் கலந்து, மண்டியிலேருந்து வந்து பக்கத்துல ஒக்காந்த மாதிரி. கொஞ்ச நேரம் மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அத விடுங்க.

அப்புறம் ஒண்ணொண்ணா வெளிச்சத்துல விரிச்சுப் பாக்குறேன். தோள்பட்டை பூரா கறை. சிலது புதுசு, சிலது கன்னங்கரேல்னு ஏறிப் போயிருக்கு. ஒவ்வொரு கறையையும் சுத்தி ஓரத்தோட ஓரமா செவப்பு நூலால தையல் ஓட்டியிருந்தா. சின்னச் சின்னத் தையல், ஒண்ணுகூட கோணல.

நான் கல்யாண மண்டபத்துல வேலை பாக்குறேன். பாத்திரம், அப்புறம் மேசை விரிப்பு. பந்தி முடிஞ்சதும் விரிப்புல சாம்பார் பட்ட எடம், வெத்தலை பட்ட எடம் எல்லாத்தையும் சுத்தி செவப்பு நூல் ஓட்டி வச்சுருவோம். காஞ்சு போனா கறை மங்கலாயிடும், வெளுக்கிறப்ப கண்ணுக்குத் தப்பிடும் பாருங்க. நூல் இருந்தா அந்த எடத்துல தனியாப் பவுடர் வச்சுத் தேக்கலாம். அரசி சின்னதுலேருந்து அங்கதான் வளந்தா. நான் நூல் ஓட்ட, அவ ஊசி கோத்துக் குடுப்பா. அதனால பாத்ததுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. பாவம் புள்ள, தொவைக்கணும்னு அடையாளம் பண்ணி வச்சிருக்கா, நேரமில்லாம அப்படியே வச்சுட்டுப் போயிட்டா.

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? பம்பாயி. பெரிய பெரிய ஆளுங்க கார்ல வந்து எறங்குவாங்க. அவங்க முன்னாடி இந்த மனுசன் கறைச் சட்டையோட தொங்கணுமா? உசிரோட இருந்தப்பவே நான் அப்படி விட்டதில்ல.

மண்டபத்துலேருந்து நல்ல பவுடரா வாங்கியாந்தேன். ரெண்டு நாளு லீவு சொன்னேன். எனக்குக் குடுக்காம ஒளிச்சு வச்ச சட்டை, எல்லாத்தையும் சேத்து ஒரேடியாத் தொவைச்சேன். அந்தச் செவப்பு நூலு ஒண்ணுகூடப் பிரியல டீச்சர், ஒரு எழகூடச் சாயம் எறங்கல, அவ்வளவு பக்குவமா. கஞ்சி போட்டு, இஸ்திரிப் பொட்டி போட்டு, மாப்பிள்ளைச் சட்டையாட்டம் மடிச்சு வச்சேன். சாமி படத்துக்கிட்ட வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் வண்டியில ஏத்துனேன். விரல் எல்லாம் தோலு உரிஞ்சு, சாதம் பெசைய முடியல. ஆனா மனசுக்கு அவ்வளவு நெறைவா இருந்துச்சு. அவருக்குக் கடைசியா ஒரு வேலை செஞ்சிட்டோம்னு.

பொட்டி போயிச் சேந்திருக்கும், தொறந்திருப்பா, இப்பப் போன் வரும், இப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். வரல. மறுநாளு குணாளன் சாரு போன் பண்ணாரு. “அம்மா, சட்டையெல்லாம் யாரு தொவைச்சது?” அப்படின்னாரு.

“நான்தான் சார். ஒரு கறை தெரியாது, பாத்தீங்களா?” அப்படின்னேன்.

  சரிம்மா, வச்சிடுறேன்னுட்டு வச்சுட்டாரு.

அங்க நடந்தத அவருதான் பின்னாடி வந்து சொன்னாரு. போட்டோவுல நாங்க தேர்ந்தெடுத்தது வேற, இங்க வந்திருக்கிறது வேறன்னு கம்பெனிக்காரங்க சொல்லிட்டாங்களாம். வெறும் வெள்ளைச் சட்டை, அதுல வெறும் நூலு, உள்ள ஒண்ணுமில்லன்னு. கறைதான் வேணுமாம் அவங்களுக்கு. பெயிண்டு விக்கிறவங்க டீச்சர், சுவத்துல கறை தெரியாம அடிங்கன்னு டிவியில பூராச் சொல்றவங்க.

அதுலயும் ஒரு வழி இருந்துச்சாம். பரிசு முடிவு பண்றவங்கள்ல ஒரு அம்மா, இது எப்படி இப்படி ஆச்சுன்னு கேட்டிருக்காங்க. சாரு உண்மையச் சொல்லிட்டாரு, அவங்க அம்மா தொவைச்சிட்டாங்கன்னு. அந்தம்மா எந்திரிச்சே நின்னுட்டாங்களாம். இது முன்னத்ததவிடப் பெருசு, அம்மா தொவைச்சாங்கன்னு ஒரு அட்டையில எழுதி பக்கத்துல வை, அந்த அம்மாவையே இங்க வரவழைப்போம், தொவைக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து ஓட விடுவோம், பரிசு உனக்குத்தான்னு சொல்லாத கொறையாச் சொல்லியிருக்காங்க.

இவ என்ன சொன்னா தெரியுமா? சாரு பொய் சொல்றாரு, எங்கம்மா அதத் தொடவே இல்ல, வழியில மழையில நனைஞ்சு வீணாப் போச்சு, நான் போட்டியிலேருந்து விலகிக்கிறேன்னுட்டா. சொல்லிட்டு எல்லாத்தையும் தானே அவுத்து மடிச்சு பொட்டியில வச்சுட்டா. சாரு கையப் புடிச்சுக் கெஞ்சியிருக்காரு. எங்கம்மாவ வேடிக்கை பாக்க விடமாட்டேன் சார்னு ஒரே பேச்சு.

பாத்தீங்களா? என் பேர அங்க சொல்றதுக்கு அவ்வளவு வெக்கம். மண்டபத்துல பாத்திரம் தேக்கிறவ பம்பாயிக்கு வந்து நின்னா அவளுக்குக் கௌரவக் கொறைச்சல். நான் போயிருக்க மாட்டேனா? நல்ல சேலை கட்டிக்கிட்டுப் போயி, ஆமாம்மா நான்தான் தொவைச்சேன்னு சொல்லியிருப்பேனே. அவளுக்குக் கெடச்சிருக்குமே டீச்சர். கையில வந்தத ஒதறிட்டு வந்தா. எனக்கு மனசு ஆறவே இல்ல.

ஊருக்கு வந்தா. என்னைய ஒரு வார்த்த திட்டல. பொட்டியத் தொறந்து ஒரு சட்டைய எடுத்து மூஞ்சியில வச்சு மூச்ச இழுத்தா. அத வச்சுட்டு அடுத்தது. அடுத்தது. எல்லாச் சட்டையையும் மோந்து பாத்தா. நான் காப்பிய வச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கிறேன். கடைசிச் சட்டையையும் வச்சுட்டு என்னைய நிமிந்து பாத்தா.

“இதுல அப்பா இல்லம்மா,” அப்படின்னா.

எனக்குப் பொசுக்குன்னு வந்துருச்சு. “இல்லன்னு எனக்குத் தெரியாதாடி? எனக்குத் தெரியாதா?” அப்படின்னேன். அதுதான் நாங்க மொகம் பாத்துக் கடைசியாப் பேசுனது. அப்பத்தான் அழுதா. தகப்பன் செத்தன்னைக்குக்கூட அப்படி அழல. அன்னைக்கு சாயங்காலமே பையத் தூக்கிக்கிட்டுச் சென்னைக்குப் போயிட்டா. இப்ப சின்னப் புள்ளைங்க பள்ளிக்கூடச் சுவத்துல முயலு, மானுன்னு வரைஞ்சு குடுக்குற வேலை. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய புள்ள.

குணாளன் சாரு ஒரு தடவ வீட்டுக்கு வந்தாரு. நல்ல மனுசன், ஆனா பேச்சு கொஞ்சம் ஒரு மாதிரி. அந்தக் கறை அப்பா, அதச் சுத்தி ஓடுற செவப்பு நூலு நீங்கதாம்மா, அவ உங்க ரெண்டு பேரையும்தான் அதுல வச்சிருந்தான்னாரு. நூலு எப்படி சார் நானாவேன்னு கேட்டேன். காப்பியக் குடிச்சிட்டுப் போயிட்டாரு. நான் எங்க அதுல இருந்தேன்? இருந்தா எனக்குத் தெரியாதா?

போகட்டும். பழசப் பேசி என்ன ஆவுது. இப்ப வர்றேங்கிறா, அது போதும் எனக்கு. ரெண்டு வாரமா வீட்டுக்கு வெள்ளையடிச்சு, தூசி தட்டி, கூரையோரத்து எரவாணம் வரைக்கும் தொடைச்சு வச்சிருக்கேன். அவ வந்தா கண்ணுல ஒண்ணும் உறுத்தக் கூடாது.

ஒண்ணு சொல்றேன் டீச்சர், யாருகிட்டயும் சொன்னதில்ல. அன்னைக்கு அவர மண்டியிலேருந்து வண்டியில போட்டு வீட்டுக்குக் கொண்டாந்தாங்கள்ல, தோள்ல கெடந்த துண்டு அவரோடயே வந்துச்சு. தாரு ஏத்துறப்ப தோளுக்குக் குடுக்குற துண்டு, மொத்தமாக் கறை, வெறைச்சுப் போயிருக்கும். எல்லாத் துணியையும் ஆத்துல விட்டப்ப அத மட்டும் நான் விடல. தலகாணிக்கு அடியில வச்சிருக்கேன். தொவைச்சதே இல்ல. தொவைக்கணும்னு தோணவும் இல்ல. படுக்கிறப்ப மூஞ்சிக்கிட்ட வச்சுக்கிட்டாத்தான் தூக்கம் வரும். அது இருக்கிறது அரசிக்குத் தெரியாது. அது எனக்குன்னு வச்சிக்கிட்டது, அவகிட்டச் சொல்றதுக்கு என்ன இருக்கு?

அவ வர்றேன்னு போன் வச்ச பொறவு எனக்கு அதே நெனப்பு. படுக்கைய ஒதறுறப்ப கண்ணுல பட்டுருச்சுன்னா? அந்தச் சட்டைங்கள மோந்து மோந்து எப்படி அழுதா. அவரு வாசனைய நெனச்சதுக்கே அந்த அழுகை. இதுல இன்னும் அப்படியே இருக்கு, கொஞ்சம்கூடக் கொறையல. இதக் கையில எடுத்தா என்ன ஆவா? மறுபடியும் அழுதுட்டுப் பையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் துண்டு வேணுமா, புள்ள வேணுமா?

அதான் காலையில கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லா மூஞ்சியில வச்சுப் பாத்துட்டு, வாளியில சோடாவும் பவுடரும் போட்டு முக்கி வச்சிட்டு வந்துட்டேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அவளுக்காகத்தான.

என்ன டீச்சர், போன எடுக்கிறீங்க? பக்கத்து வீட்டு நம்பரா? எதுக்கு? அவங்க பொழுதோட வயலுக்குப் போயிருப்பாங்க, வீடும் பூட்டிக் கெடக்கு, சாவி எங்கிட்ட. துண்டத் தண்ணியிலேருந்து எடுத்து வைக்கச் சொல்லவா? வேண்டாம், வேண்டாம், அது பழைய கறை, நல்லா ஊறணும். நாளைக்கு வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் அவ கால் கழுவிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு கும்மு கும்மி அலசிப் போட்டுருவேன். வெள்ளையாயிரும். அவ கண்ணுலயே படாது.